ரெண்டாந்தடவை: குடலுக்குள்ளே தைத்த ஒரு பையின் வரலாறு

இந்தப் பக்கத்துல வழக்கமா நடுகல்லு, கல்வெட்டு, காங்கேயம் காளைன்னுதான் வண்டி ஓடும். இன்னைக்குக் கொஞ்சம் கூச்சமான வரலாறு. மலக்குடல் சம்பந்தப்பட்டது. சோறு திங்கிற நேரத்துல படிக்கிறவங்க கையைக் கழுவிட்டு அப்புறமா வாங்க. :)

கூச்சம்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் சர்க்கரை, பிரஷர், மாரடைப்பு எல்லாத்தையும் டீக்கடையில உட்கார்ந்து சத்தமா பேசுவாங்க. ஆனா "வெளிக்குப் போனா ரத்தமா வருது"ங்கிறதை மட்டும் கட்டின பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லாம வருசக்கணக்கா மறைச்சு வெச்சிருப்பாங்க. அப்படி மறைச்சதுல ஒருத்தன் எங்க சித்தப்பா பையன். வயசு முப்பத்திரெண்டு, தேங்காய் எண்ணெய் ஆலையில கணக்குப் பார்க்கிறான். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிப் போற நோய். மருந்துக்கு அடங்காம, ஆறு வருசம் முன்னாடி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பெருங்குடலையே எடுத்துட்டு "ஜே பவுச்" வெச்சாங்க. தையல் போட்ட இடத்துல கசிஞ்சு, சீழ் கட்டி, அதுக்கப்புறம் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. கடைசியில வேற டாக்டர்கள் ரெண்டு வழி சொன்னாங்க. ஒண்ணு, வயித்துல நிரந்தரமா ஒரு வாய் வெச்சு வெளியில பை மாட்டிக்கிறது. இன்னொண்ணு, அதே ஆபரேஷனை மறுபடியும் பண்றது.

"ஏனுங்ணா, ஒருக்கா பண்ணுனதே உருப்படல. ரெண்டாந்தடவ பண்றது சூதாட்டமில்லீங்களா?" என்று கேட்டான்.

நான் டாக்டரில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை பழசைத் தோண்டிப் பார்க்கிறது. தோண்டினேன். கிடைச்சதைத்தான் இங்க எழுதுறேன். ஒரு வரியில சொல்லணும்னா, அந்த ஆபரேஷனே பிறந்த நாள்ல இருந்து ரெண்டாந்தடவைகளால் ஆனது.

முதல்ல இந்த ஜே பவுச் என்னன்னு சொல்லிடுறேன். பெருங்குடலோட நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். சாப்பிட்டதுல மிச்சமிருக்கிற தண்ணியை உறிஞ்சி, கழிவைக் கெட்டியாக்கி, கடைசியில மலக்குடல்ல சேர்த்து வைக்கிறதுதான் அதோட வேலை. அதை முழுசா எடுத்துட்டா சேர்த்து வைக்க இடமில்லை. அதனால சிறுகுடலோட கடைசிப் பகுதியைத் தூண்டில் முள் மாதிரி வளைச்சு, ரெண்டு கையும் 15 முதல் 20 சென்டிமீட்டர் இருக்கிற மாதிரி ஒட்டித் தைச்சு, நடுச்சுவரை நீக்கி ஒரு பையாக்கி, ஆசனவாயோட இணைச்சுடுவாங்க. வளைவு ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருக்கிறதால அந்தப் பேரு. தையல் ஆறும்வரை சில மாசம் வயித்துல தற்காலிகமா ஒரு வாய் இருக்கும். பிறகு அதை மூடினா பழைய வழியிலேயே வெளிக்குப் போகலாம். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை போக வேண்டியிருக்கும். ஆனா வெளியில பை இல்லை.

விஷம் வெச்ச டாக்டரும் ஒரு குடலும்

கதை 1859ல லண்டன்ல தொடங்குது. தாமஸ் ஸ்மெதர்ஸ்ட்னு ஒரு டாக்டர். பொண்டாட்டி உயிரோட இருக்கும்போதே இசபெல்லா பேங்க்ஸ்ங்கிற வசதியான பொண்ணையும் கட்டிக்கிட்டார். கொஞ்ச நாள்ல அந்தம்மா ரத்தபேதியும் வாந்தியுமா கிடந்து செத்துப் போனாங்க. டாக்டர் ஆர்சனிக் விஷம் வெச்சுட்டார்னு வழக்கு நடந்து, தூக்குத் தண்டனையும் விதிச்சாச்சு. அப்புறம் பார்த்தா விஷச் சோதனையிலேயே கோளாறு. சோதனைக்குப் பயன்படுத்தின பொருள்லயே ஆர்சனிக் இருந்திருக்கு! தண்டனை ரத்தாகி, ரெண்டு கல்யாணம் பண்ணின குத்தத்துக்கு மட்டும் ஜெயிலுக்குப் போனார்.

இந்த வழக்குல இசபெல்லாவோட குடலைப் பரிசோதிச்சவர் கைஸ் ஆஸ்பத்திரி டாக்டர் சாமுவேல் வில்க்ஸ். உள்ளே இருந்த புண்களைப் பார்த்து அவர் எழுதினதுதான் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்ங்கிற பேருக்கு ஆரம்பம். வேடிக்கை என்னன்னா, அவர் எழுதின குறிப்பைப் பின்னாடி வந்தவங்க மறுபடி படிச்சுட்டு, "இது க்ரோன்ஸ் நோயா இருக்கலாமே"ன்னு சொன்னாங்க. க்ரோன்ஸ்ங்கிறது இதோட பங்காளி நோய். நியூயார்க்ல பர்ரில் க்ரோனும் கூட்டாளிகளும் 1932லதான் அதைப் பத்தி எழுதினாங்க. பெருங்குடலோட நிக்காம, வாயில இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணும்னாலும் வரும். ஆக, இந்த நோயோட முதல் கேஸ்லயே "இதுவா, அதுவா"ங்கிற சந்தேகம் இருந்திருக்கு. அந்தச் சந்தேகத்தை ஞாபகத்துல வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

வயித்துல ஒரு வாய்

ஆரம்பத்துல வைத்தியம்னு பெருசா ஒண்ணுமில்லை. 1902ல நியூயார்க்ல ராபர்ட் வியர்ங்கிறவர் குடல்வாலை வயித்துக்கு வெளியே இழுத்து வெச்சு, அது வழியா மருந்துத் தண்ணி விட்டுப் பெருங்குடலைக் கழுவிப் பார்த்தார். 1913ல செயின்ட் லூயிஸ்ல ஜான் யங் பிரவுன், சிறுகுடலை வெளியே திருப்பிவிட்டுப் பெருங்குடலுக்கு ஓய்வு கொடுக்கலாம்னு சொன்னார். இதுதான் இலியாஸ்டமி.

யோசனை நல்லதுதான், ஆனா அனுபவிச்சவங்க கதை கொடுமை. சிறுகுடல்ல இருந்து வர்றது செரிமான நீரோட கலந்த தண்ணி. தோல் மேல பட்டா தோலையே அரிச்சுடும். ஒழுங்கா ஒட்டுற பை கிடையாது. துணியும் பஞ்சும்தான். சிகாகோவுல ஆல்ஃபிரட் ஸ்ட்ராஸ்ங்கிற சர்ஜன்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கோனிக்ங்கிற வேதியியல் மாணவர், "நமக்கு நாமே செஞ்சுக்குவோம்"னு ஒட்டுற மாதிரி ரப்பர்ல ஒரு பை செஞ்சார். 1940கள்ல அது பரவிச்சு. அதாவது, முதல் உருப்படியான பையைச் செஞ்சது ஒரு நோயாளி!

அடுத்த பெரிய மாற்றம் 1952ல. பர்மிங்ஹாம்ல பிரையன் புரூக், வெளியே வர்ற குடல் முனையைச் சட்டைக்கையை மடிச்சு விடற மாதிரி வெளிப்பக்கமாத் திருப்பி, தோலோட சேர்த்துத் தைச்சார். அவ்வளவுதான் வித்தை. அதுவரைக்கும் முனை வீங்கி அடைச்சுக்கிட்டு, நோயாளிங்க மறுபடி மறுபடி ஆபரேஷன் டேபிளுக்குப் போயிட்டிருந்தாங்க. இந்த ஒரு மடிப்பு அதுல பெரும்பாலானதை நிறுத்திடுச்சு. இன்னைக்கும் இலியாஸ்டமின்னா புரூக் மடிப்புதான்.

அமெரிக்காவுல கிளீவ்லாண்ட் கிளினிக்ல ரூபர்ட் டர்ன்புல்னு ஒரு சர்ஜன். அவர்கிட்ட 1954ல இலியாஸ்டமி பண்ணிக்கிட்ட நார்மா கில்ங்கிற அம்மா, நர்ஸ் கூடக் கிடையாது. தான் தேறினதும், தன்னை மாதிரி இருக்கிறவங்களுக்குப் பை மாட்டக் கத்துக் கொடுக்க ஆரம்பிச்சாங்க. 1958ல டர்ன்புல் அவங்களை வேலைக்கே வெச்சுக்கிட்டார். 1961ல அதுக்குன்னே ஒரு பள்ளிக்கூடமும் வந்துச்சு. டென்மார்க்ல எலிஸ் சோரன்சன்ங்கிற நர்ஸ், ஆபரேஷனுக்கப்புறம் வீட்டை விட்டே வெளிய வராத தன் தங்கச்சிக்காக 1954ல யோசிச்சதுதான் ஒட்டுற பிளாஸ்டிக் பை. கோலோபிளாஸ்ட் கம்பெனி அதுல இருந்து வந்ததுதான்.

பையை உள்ளே வைக்கிற கதை சொல்ல வந்துட்டு இவன் ஏன் வெளிப்பை கதையையே அளந்துட்டிருக்கான்னு நினைக்காதீங்க. காரணம் இருக்கு, வர்றேன்.

பையை உள்ளே வெச்சா என்ன?

"வெளியில பையே வேண்டாமே"ங்கிற ஆசை ரொம்பப் பழசு. 1933ல பெர்லின்ல ருடால்ஃப் நிஸ்ஸன் சிறுகுடலை நேரா ஆசனவாயோட இணைச்சார். 1947ல அமெரிக்காவுல மார்க் ராவிட்சும் டேவிட் சபிஸ்டனும் அதையே முறையா ஆராய்ஞ்சு எழுதினாங்க. ஆனா சேர்த்து வைக்க இடமில்லாம நேரா இணைச்சா என்னாகும்? நாள் முழுக்கக் கக்கூஸ்லயே குடியிருக்கணும். 1955ல வாலியன்டேயும் பேக்கனும் சிறுகுடல்லயே பை தைச்சு இணைக்கலாம்னு நாய்கள்ல செஞ்சு பார்த்தாங்க. அது மனுசனுக்கு வரலை.

அப்புறம் வர்றார் சுவீடன் கோதன்பர்க் சர்ஜன் நில்ஸ் காக். 1969ல சிறுகுடல்லயே ஒரு பை செஞ்சு, வயித்துக்குள்ள வெச்சு, பின்னாடி வாயில ஒரு வால்வும் சேர்த்தார். வெளியில பை தேவையில்லை. தேவைப்படும்போது ஒரு குழாயை விட்டுக் காலி பண்ணிக்கலாம். ஆனா அந்த வால்வு அடிக்கடி நழுவிடும். நழுவினா மறுபடி ஆபரேஷன். இங்கதான் எனக்கு முதல் ஆச்சரியம். ரெண்டாவது, மூணாவது ஆபரேஷன் ஆன பிறகும் பலபேர் "எனக்கு இதுவே இருக்கட்டும்"னுதான் சொன்னாங்க. வெளிப்பை இல்லாத வாழ்க்கைக்கு அவங்க போட்டு வெச்சிருந்த விலை அது.

1978ல லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில ஆலன் பார்க்ஸும் ஜான் நிக்கல்ஸும் ரெண்டு யோசனையையும் ஒண்ணா முடிச்சுப் போட்டாங்க. காக் மாதிரி ஒரு பை, ராவிட்ச் மாதிரி ஆசனவாயோட இணைப்பு. சிறுகுடலை மூணா மடிச்ச எஸ் வடிவப் பை. அவங்க முதல்ல எழுதினது வெறும் அஞ்சு நோயாளிகளைப் பத்தித்தான். வேலை செஞ்சுச்சு. ஆனா பைக்குக் கீழே ஒரு நீளமான மூக்கு இருந்ததால, பலபேருக்குத் தானா காலியாகாம குழாய் போட்டு எடுக்க வேண்டி வந்தது.

1980ல ஜப்பான்ல உட்சுனோமியாவும் கூட்டாளிகளும் அந்த மூக்கே வேண்டாம்னு எளிமையா ஒரு வளைவு போட்டாங்க. அதுதான் ஜே. தைக்கிறது சுலபம், தானாவே காலியாகும். பார்க்ஸ் 1982லயே இறந்துட்டார். நிக்கல்ஸ் விடாம நாலு மடிப்பில் டபிள்யூ வடிவப் பையும் செஞ்சு பார்த்தார். ஆனா உலகம் முழுக்க நிலைச்சது ஜேதான்.

ஒரு கொசுறு: இந்த ஆபரேஷன் பரவக் கைகொடுத்த ஸ்டேப்ளர் கருவியை, 1958ல சோவியத் நாட்டுக்குப் போயிட்டு அமெரிக்காவுக்குக் கொண்டு வந்தவர் யார் தெரியுங்களா? 1947ல நேரா இணைச்சுப் பார்த்த அதே மார்க் ராவிட்ச்!

எண்ணிப் பாருங்க. நிஸ்ஸன், ராவிட்ச், காக், பார்க்ஸ், உட்சுனோமியா. ஒவ்வொருத்தரும் முந்தினவர் எங்க தோத்தார்னு பார்த்து, அந்த ஒரு இடத்தை மாத்தினாங்க. "மறுபடி பண்ணிப் பார்ப்போம்"னு யாரும் கண்ணை மூடிட்டு இறங்கலை.

நம்ம பக்கம்

இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய், நம்மூர்ல ஏதுன்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தாங்க. இங்க ரத்தமாப் போனா சீதபேதி, அமீபா, பூச்சின்னு மாத்திரை. கணக்கெடுத்தப்போதான் தெரிஞ்சது. 1986ல வெளிவந்த ஹரியானா கணக்குல லட்சத்துக்கு சுமார் 43 பேர். 2003ல வெளிவந்த பஞ்சாப் கணக்குல சுமார் 44 பேர். இங்கிலாந்து லெஸ்டர் நகரத்துல குடியேறின நம்ம நாட்டுக்காரங்களுக்கு, அந்த ஊர்க்காரங்களை விட இது எச்சா வருதுன்னு 1990கள் தொடக்கத்துல எழுதினாங்க. க்ரோன்ஸ் விஷயத்துல நமக்கு இன்னொரு குழப்பமும் இருக்கு. குடல் டிபியும் அதுவும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

குடல் அறுவையை இங்கே தனித் துறையா வளர்த்தவங்கள்ல முக்கியமானவங்க டெல்லி எய்ம்ஸ்ல சமீரன் நந்தி, சென்னை மருத்துவக் கல்லூரியில ரங்கபாஷ்யம். ரங்கபாஷ்யம் 2013ல மறைஞ்சார். எங்க பக்கத்துக்காரங்களுக்குப் பெரிய வியாதின்னா அந்தக் காலத்துல ஒரே வழிதான். ஈரோட்ல ராத்திரி ரயில் ஏறிக் காட்பாடியில இறங்கி, வேலூர் சிஎம்சி. இப்போ பல்லடம் வழியா ரெண்டு மணி நேரத்துல கோயமுத்தூர். வயிறு, குடலுக்குன்னே டாக்டர் பழனிவேலு தொடங்கின ஜெம் ஆஸ்பத்திரி அங்கே இருக்கு. வயித்தைப் பெருசா கிழிக்காம லேப்ராஸ்கோப்பியில செய்யறதுல அவர் பேர் உலகத்துக்கே தெரியும்.

ஏன் தோத்துச்சு?

இப்போ தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். ஜே பவுச் வெச்சுக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லாத்தான் இருக்காங்க. பல வருசக் கணக்குல பார்த்தா நூத்துக்கு அஞ்சு முதல் பத்துப் பேருக்குப் பை பயன்படாமப் போகுது. ஏன்னு பார்த்தா காரணங்கள் ரெண்டு கூட்டமாப் பிரியும்.

முதல் கூட்டம், வேலைப்பாட்டுல வர்ற கோளாறு. தையல் கசிஞ்சு இடுப்புக்குள்ள சீழ் கட்டுறது, இணைப்பு சுருங்கிப் போறது, பை முறுக்கிக்கிறது, பழைய மலக்குடலை அளவுக்கு மேல விட்டு வெச்சது, பையில இருந்து பக்கத்துல புரை ஓடுறது.

ரெண்டாவது கூட்டம், நோயோட குணத்தால வர்றது. பவுச்சைட்டிஸ்னு பையே அழற்சியாகிறது ஒண்ணு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்காரங்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஒரு தடவையாவது வரும், பெரும்பாலும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்கும். இன்னொண்ணு, முதல்ல கொலைட்டிஸ்னு நினைச்சது பின்னாடி க்ரோன்ஸா மாறி நிக்கிறது. இசபெல்லா ஞாபகம் வருதுங்களா?

முதல் கூட்டத்தைத் திருப்பிச் செஞ்சு சரி பண்ண வாய்ப்பு நிறைய. க்ரோன்ஸ்னா புதுப் பையிலயும் அதே நோய் வந்து உட்காரலாம். எங்க காட்டுப் பக்கம் கிணறு வத்தினா என்ன பண்ணுவோம்? ஆழப்படுத்தறதா, பக்கத்துல புதுசா வெட்டறதா, இல்ல அந்தக் காசுக்கு மாடு வாங்கிட்டு மானாவாரியே பார்க்கிறதான்னு மூணும் பேசுவோம். ஆனா அதுக்கு முன்னாடி, ஊத்து அடைச்சுப் போச்சா, இல்ல நிலத்தடியிலேயே தண்ணி இல்லையான்னு பார்ப்போமில்லீங்களா? இங்கயும் அதே கேள்விதான்.

ரொம்ப நாள் வரைக்கும் பை தோத்தா எடுத்துட்டு நிரந்தர இலியாஸ்டமிதான்னு பல இடத்துல முடிச்சுடுவாங்க. அதை மாத்தினதுல பெரிய பங்கு கிளீவ்லாண்டுக்கு. டர்ன்புல் இருந்த அதே துறையில பின்னாடி வந்த ஆஸ்திரேலியக்காரர் விக்டர் ஃபாசியோ, சீழ் பிடிச்சுத் தோத்த பைகளைத் திருப்பிச் செஞ்ச அனுபவத்தை 1998ல எழுதினார். அவருக்கு அடுத்து வந்த ஃபெசா ரெம்ஸியும் மத்தவங்களும் 2015ல 500 பேருக்கு மேல செஞ்ச கணக்கை வெளியிட்டாங்க. சுமார் அஞ்சுல நாலு பேருக்கு ரெண்டாவது பை நிலைச்சுது. அஞ்சுல ஒருத்தருக்கு நிலைக்கலை. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். இன்னொண்ணும் உண்டு. இந்தக் கணக்கு வருசம் முழுக்க இதையே செய்யற கைகளோட கணக்கு. எப்பவோ ஒண்ணு ரெண்டு செய்யற இடத்துக்கு இது பொருந்தாது.

டாக்டர்கிட்டக் கேட்க வேண்டியதை நானும் தம்பியும் ஒரு நோட்டுல எழுதினோம். யாருக்காவது உதவும்னு போடுறேன். முதல் பை ஏன் தோத்துச்சு, அதுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன்ல, உள்ளே விட்டுப் பார்த்ததுல, சதைத் துணுக்குல என்ன ஆதாரம்? க்ரோன்ஸ் இல்லைன்னு எவ்வளவு உறுதியாச் சொல்ல முடியும்? ஆசனவாய் சுருக்குத் தசை இன்னும் பலமா இருக்கா? பழைய பையையே சரி பண்ணலாமா, புதுசு வேணுமா? புதுசுன்னா இன்னும் 30, 40 சென்டிமீட்டர் சிறுகுடல் போகும், மிச்சம் போதுமா? நீங்க இதை எத்தனை பேருக்குச் செஞ்சிருக்கீங்க? இதுவும் தோத்தா அடுத்தது என்ன?

கல்யாணம், குழந்தைங்கிற பேச்சை நம்ம வீடுகள்ல டாக்டர் முன்னாடி யாரும் எடுக்கமாட்டாங்க. எடுக்கணும். இடுப்புக்குள்ள செய்யற ஆபரேஷன்ங்கிறதால பொண்ணுங்களுக்குக் கரு தங்கறது குறையுது. 2006ல வந்த ஒரு தொகுப்புக் கணக்குல, கருத்தரிக்கச் சிரமப்படறவங்க நூத்துக்கு 15ல இருந்து 48 ஆகியிருக்காங்க. லேப்ராஸ்கோப்பியில இந்தச் சிக்கல் குறைவுன்னு சொல்றாங்க. ஆம்பளைங்களுக்கும் நரம்புல அடிபட வாய்ப்பு உண்டு. ரெண்டாந்தடவைன்னா ஏற்கெனவே ஒட்டிக்கிடக்கிற இடத்துல கத்தி போகுது, அதனால முன்கூட்டியே பேசிடறது நல்லது.

தேறி வர்றது

தம்பிக்குத் தோத்தது தையல் கசிவுலதான், க்ரோன்ஸ் அறிகுறி இல்லைன்னு பரிசோதனையில வந்துச்சு. ஆனாலும் டாக்டர் உடனே கத்தியை எடுக்கலை. முதல்ல வயித்துல இலியாஸ்டமி போட்டு, சீழெல்லாம் அடங்கட்டும்னு ஆறு மாசம் விட்டார்.

அந்த ஆறு மாசத்துலதான் விஷயமே நடந்துச்சு. பைன்னாலே செத்துடலாம்னு சொன்னவன், மாட்டக் கத்துக்கிட்டான். வேட்டிக்கு மேல பெல்ட்டு எங்க வரணும்னு கண்டுபிடிச்சான். பைக் ஓட்டினான், ஆலைக்குப் போனான், ஒறம்பரை கல்யாணத்துல பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டான். ஆறு வருசத்துல முதல் தடவையா வலியில்லாம தூங்கினேன்னு சொன்னான். அப்புறம் ஒரு நாள், "இதோடயும் இருந்துக்கலாமுங்ணா. அதனால இப்ப இன்னொருக்கா பண்ணிப் பார்க்கலாம்னு தோணுது" என்றான்.

புரூக்கையும் நார்மா கில்லையும் அவ்வளவு நீளமாச் சொன்னதுக்குக் காரணம் இதுதான். வெளிப்பை நரகமா இருந்த காலத்துல உள்பை எவ்வளவு மோசமா இருந்தாலும் அதைப் பிடிச்சுத் தொங்கணும். வெளிப்பையோட மனுசனா வாழலாம்னு ஆன பிறகுதான், உள்பை வேணுமா வேண்டாமான்னு நிதானமா யோசிக்க முடிஞ்சுது. பயத்துல ஓடி எடுக்கிற முடிவு வேற. திரும்பி வர ஒரு வீடு இருக்குன்னு தெரிஞ்சு எடுக்கிற முடிவு வேற.

ஆபரேஷன் நீளமானது. பழைய பையை ஒட்டுதல்கள்ல இருந்து பிரிச்சு, ஸ்டேப்ளர் இல்லாம கையாலேயே மறுபடி தைச்சாங்க. அப்புறம் மறுபடி தற்காலிக வாய். சில மாசம் கழிச்சு, தையல் கசியலைன்னு எக்ஸ்ரே பார்த்து மூடினாங்க. மூடின முதல் மாசம் ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை போனான். ராத்திரியில கசிவு. தோல் எரிச்சல். "தப்புப் பண்ணீட்டனாட்ட இருக்குதுங்ணா"ன்னு அழுதான். பைக்குப் பழக ஒரு வருசம் வரைக்கும் ஆகும்னு முன்னாடியே சொல்லியிருந்ததால தாக்குப் பிடிச்சான்.

சாப்பாட்டுல நம்மூர் சமையல் பாதி மருந்து. பெருங்குடல் இல்லாதவங்களுக்குத் தண்ணியோட உப்பும் வெளியே போயிடும். வெறும் தண்ணியாக் குடிச்சா போதாது. உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, உப்பு மோர், ஓஆர்எஸ் கரைசல் வேணும். சோறு, வாழைப்பழம், தயிரெல்லாம் கொஞ்சம் கெட்டியாக்கும். தேங்காய்க்கீத்து, மக்காச்சோளம், காளான் இதெல்லாம் ஆரம்பத்துல குடலை அடைச்சுடும். தேங்காய் எண்ணெய் ஆலைக்காரனுக்குத் தேங்காயே ஆகாதுன்னு ஆலையில எல்லாரும் ஓட்டினாங்களாம். :) பி12 சத்து சிறுகுடலோட கடைசிப் பகுதியிலதான் உறிஞ்சப்படுது, அதனால வருசா வருசம் ரத்தத்துல பார்த்துக்கணும். இன்னொரு ஆறுதல், நாம தண்ணி ஊத்திக் கழுவுற ஆளுங்க. காகிதத்தை விடத் தோலுக்கு அதுதான் நல்லது.

இப்போ ஒரு நாளைக்கு ஏழு தடவை, ராத்திரி ஒரு தடவை. புத்தம் புது ஜே பவுச்காரங்களை விடக் கொஞ்சம் எச்சுத்தான். சில நாள் பேட் வெச்சுக்கிறான். இதை வெற்றின்னு சொல்லலாமான்னு கேட்டா, அதை அவன்தான் சொல்லணும். அவன் சொல்றான்.

ஆனா இதைப் படிச்சுட்டு எல்லாரும் ரெண்டாவது பைக்கு ஓடணும்னு நான் சொல்ல வரலை. க்ரோன்ஸ் இருக்கிறவங்க, தசை பலம் போனவங்க, "இனி ஆஸ்பத்திரி வாசப்படியே வேண்டாம்"னு களைச்சுப் போனவங்க, நிரந்தர இலியாஸ்டமியோட நிம்மதியா இருக்கட்டும். அவங்க தோத்தவங்க இல்லை. புரூக் 1952ல அந்த மடிப்பை மடிச்சது அவங்களுக்காகத்தான்.

ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க வீட்ல யாராவது மாசக்கணக்குல ரத்தமாப் போறதை மறைச்சுக்கிட்டு, மெடிக்கல் ஷாப்ல பேதி மாத்திரை வாங்கிப் போட்டுட்டிருந்தா, ஒரு தடவை குடல் டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க. இப்போ நல்ல மருந்துகள் வந்திருக்கு. சீக்கிரம் பிடிச்சா பலபேருக்கு முதல் ஆபரேஷனே தேவைப்படாது. இதே மாதிரி பை வெச்சவங்க, வெளிப்பையோட இருக்கிறவங்க யாராவது படிச்சா பின்னூட்டத்துல எழுதுங்க. பேர் போடாம எழுதினாலும் சரிங்க.

டிஸ்கி: இது வரலாறு மட்டும்தான், வைத்தியம் இல்லை. முடிவு உங்க டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுக்க வேண்டியது. தம்பிகிட்ட அனுமதி வாங்கித்தான் எழுதினேன். "ஊர்க்காரங்களுக்கு நான்தான்னு தெரிஞ்சுடுமேடா"ன்னு கேட்டதுக்கு, "தெரியட்டுமுங்ணா, மறைச்சுத்தான இத்தனை வருசம் போச்சு"ன்னான்.

அடுத்த பதிவுல வழக்கம்போல நடுகல்லுதான். பயப்படாம வாங்க. :)